அளந்து போடு

பர்ன்லி நூலகத்தின் பின்னறை, வியாழக்கிழமை.
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவந்திருக்கும்.
அங்கேதான் என் மேசை.
அரசின் கடிதங்களை
மனிதர் பேச்சுக்கு மாற்றிச் சொல்வது வேலை.

கிளெண்டா ஆர்மரோட் வந்தாள்,
கோட்டில் பள்ளிச் சமையலறையின் வெங்காய வாசம்.
பாஸ்புக்கை மேசைமேல் வைத்து
ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்,
செத்த எலியைத் தள்ளுவதுபோல.

அண்ணன் நோரிஸ் விட்டுப்போனது.
பதினேழாயிரத்து நூற்று நாற்பது பவுண்டு.
பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை;
ஒரு சுவர்க்கடிகாரம் யாருக்கு என்பதில் தொடங்கியது.
பந்தயப் புறா வளர்த்தவன்.
புறாவுக்கு உயர்ந்த சோளம், தனக்கு டப்பா சூப்.
வீட்டுக்குள்ளேயே இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு
குளிரிலிருந்து காசு பிடித்தவன்.

"இதை அவங்ககிட்ட சொல்லணுமா?"
சொல்லணும்.
"சொன்னா?"

ஆறாயிரம் வரை பணம் வெறும் பணம்.
அதற்குமேல் ஒவ்வொரு இருநூற்றைம்பதும்
மாதம் நாலு பவுண்டு முப்பத்தைந்து பென்ஸ்
சம்பாதித்துத் தருகிறது என்று வைத்துக்கொள்வார்கள்.
"எந்த பேங்க்ல?"
எந்த பேங்க்கிலும் இல்லை.
வட்டி குட்டி போடும் என்பார்களே,
இங்கே தாய் ஈனவே இல்லை,
குட்டியை மட்டும் எண்ணிக் கழித்துக்கொள்வார்கள்.
பதினாறாயிரம் தாண்டினால் அதுகூட இல்லை.
கதவு சாத்தியாச்சு.

"மகளுக்குக் கொடுத்துட்டா?"
கொடுத்ததும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கு.
"கடன் அடைச்சா?"
அடைக்கலாம்.
"கடனே இல்லையே."
வெட்கத்தோடு சொன்னாள்,
ஒழுங்காக வாழ்ந்தது தப்பாகிவிட்டதுபோல.

கொஞ்ச நேரம் அந்த ஒற்றைக் கம்பியைப் பார்த்தாள்.
"அவனுக்கு இன்னும் கல் வைக்கலை.
மரக்குச்சியில ஒரு நம்பர், அவ்வளவுதான்."
கல் என்ன விலை?
"ஆயிரத்துத் தொள்ளாயிரம். புறா செதுக்கினா."
புறா இல்லாமல்?
"புறா இல்லாம எதுக்கு?"

காகிதத்தில் கணக்குப் போட்டேன்.
முதலில் முப்பத்தாறு பங்கு என்றேன்.
உடைந்த பங்கும் முழுப் பங்குதான் என்பது நினைவு வந்து
முப்பத்தேழு என்று திருத்தினேன்.
மாதம் நூற்று அறுபது பவுண்டு தொண்ணூற்றைந்து பென்ஸ்
குறையும்.
மீதி வரலாம் என்றேன்.
அந்த 'லாம்' என்பதை அழுத்தித்தான் சொன்னேன்.
இல்லை,
அழுத்தியதாக இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வாரம் கழித்துக் கடிதம்.
உதவி பெறும் நோக்கத்துடன்
பணத்தைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்.
மேற்படி ஆயிரத்துத் தொள்ளாயிரம்
இன்னும் தங்களிடம் இருப்பதாகவே கொள்ளப்படும்.
அந்தக் கற்பனைப் பணமும்
மாதாமாதம் தேயுமாம், பிறைபோல.
அதற்கும் ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி.
இங்கே போட்டது அவள்.
அளந்தது அவர்கள்,
ஆற்றின் அடியில் இறங்கி.

"அப்போ அந்தக் கல்லு
என் கைப்பையிலதான் இருக்குன்றாங்க?"
சட்டப்படி, ஆமாம்.
பையைத் தூக்கி எடை பார்த்தாள். சிரித்தாள்.
"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான்.
தூக்கவும் முடியாது, இறக்கி வைக்கவும் முடியாது."

மேல்முறையீட்டு ஃபார்மை எடுத்தேன்.
பேனா எழுதவில்லை; இழுப்பறையில் இன்னொன்று தேடினேன்.
இந்தச் செலவு ஏன் அவசியமாயிற்று,
கீழே நான்கு வரிகள் விட்டிருந்தார்கள்.
அவள் எழுதினாள்: அண்ணன்.

இன்னும் கொஞ்சம் விளக்கலாம், இடம் இருக்கிறது என்றேன்.

யோசித்து,
காற்புள்ளி வைத்து,
புறாவையும் சேர்த்துக்கொண்டாள்.